செவுள் உதிரும் வரை

ஆக்சலாட்டிலைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அது சிரிக்கிறது என்கிறார்கள். சிரிக்கவெல்லாம் இல்லை. அதன் வாய் அப்படி அமைந்துவிட்டது. யாங்கூனில், க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பக்கத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் நான் இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "மீனு சிரிக்குது பாரு" என்று கைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். அது மீனே இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். தண்ணீரில் கிடக்கிறது, வாலில் துடுப்பு இருக்கிறது, செவுள் இருக்கிறது, பிறகென்ன என்பார்கள். நாலு கால் இருக்கிறதே ஐயா என்று காட்டினால், சரி, அப்படியானால் நடக்கிற மீன் என்பார்கள். மனிதர்கள் ஒன்றை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டால் பிறகு அதை வெளியே எடுக்கவே மாட்டார்கள்.

உண்மையில் அது தவளைக்குத் தூரத்துச் சொந்தம். சாலமாண்டர் என்ற இருவாழ்விக் கூட்டத்தில் ஒன்று. பெரும்பாலான சாலமாண்டர்கள் தண்ணீரில் பிறந்து செவுளால் மூச்சு விட்டு, வளர்ந்ததும் செவுள் உதிர்ந்து கரையேறிவிடும். ஆக்சலாட்டில் மட்டும் சாதாரணமாகக் கரையேறாது. சாகும்வரை குழந்தை முகத்தோடும் செவுளோடும் தண்ணீரிலேயே கிடந்து அங்கேயே முட்டையும் இட்டுவிடும். பகலெல்லாம் முடங்கிக் கிடந்துவிட்டு, இருட்டின பிறகுதான் இரை தேடக் கிளம்பும். என் தொட்டிகளில் த்வாண்டேயில் செய்த பானைகளில் உடைந்தவற்றைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். அதற்குள் புகுந்துகொண்டால் கண்ணாடியை எவ்வளவு தட்டினாலும் வெளியே வராது. யாங்கூன் வெயில் அதற்கு ஆகாது. அதனால் கரண்ட் இருக்கும்போது தண்ணீர்ப் பாட்டில்களை உறைய வைத்து, கரண்ட் போனதும் தொட்டியில் மிதக்க விடுவோம். அந்த வேலையை என் ஒரே மகள் செய்வாள். வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவள் கை எப்போதும் தொட்டிக்குள்தான் இருக்கும்.

நான் அஞ்சல்வழியில் விலங்கியல் படித்தவள். அந்தப் படிப்பு எனக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் முழுசாக உதவியது. அது பழிவாங்குவதற்கு. சொல்கிறேன், கேளுங்கள்.

வகைப்பாட்டுப் பாடத்தில் இந்தப் பிராணியின் கதை வரும். மெக்சிகோ ஏரியிலிருந்து பிடித்துப் போன இதை முதலில் ஆராய்ந்த மேல்நாட்டு அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். முட்டையிடுகிறது, ஆகவே வளர்ந்த உயிர். செவுள் இருக்கிறது, ஆகவே செவுளோடே வாழும் தனி இனம். இப்படி முடிவுகட்டித் தனிப் பேரினமாகவே வைத்தார்கள். பிறகு ஐரோப்பாவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவற்றில் சில, செவுளை உதிர்த்துவிட்டு வேறொரு பிராணியாகக் கரையேறி வந்து நின்றன. வளர்த்தவர்களுக்கு வாயடைத்துப் போயிற்று. அதன் பின்னால்தான் தனிப் பேரினமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அம்பிஸ்டோமா என்ற பேரினத்தில் ஒரு சிற்றினமாகச் சேர்த்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் மண்ணுக்குள் வளையில் வாழும் சாலமாண்டர்களின் பேரினம் அது.

அதே பேரினத்தில் புலிச் சாலமாண்டர் என்று இன்னொன்று உண்டு. அதன் குஞ்சையும் ஆக்சலாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே குழப்பம் வரும். அதே இறகு மாதிரிச் செவுள், அதே சிரிப்பு. கால்விரலை உற்றுப் பார்த்தால் தெரியும். ஆக்சலாட்டிலின் விரல் மெல்லியது. புலிக் குஞ்சின் விரல் அடி அகன்று தட்டையாக இருக்கும். பெரிய வித்தியாசம் பின்னால்தான் வரும். ஆக்சலாட்டில் தண்ணீரிலேயே கிடக்கும். புலி ஒருநாள் செவுளை உதிர்த்துவிட்டு, கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகளோடு, உடும்பின் குட்டி போலத் தரையில் நடக்கும்.

இனி அந்தப் பெண்மணியைப் பற்றி. பெயரைச் சொல்ல மாட்டேன். தெருவே அவளை 'டோ' போட்டு மரியாதையாகக் கூப்பிடும். நான் மனதுக்குள் கூப்பிடுவதை அச்சில் போட முடியாது. சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய தேநீர்க் கடை அவளுடையது. எங்களைப் போலத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள்தான். அவள் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள். பர்மியரைக் கட்டிக்கொண்டு, பகோடாவுக்குப் போய்க்கொண்டு, வீட்டில் பர்மியம் பேசிக்கொண்டிருந்தாள். அதிலெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? என் மகளும் கோபம் வந்தால் பர்மியத்தில்தான் சண்டை போடுவாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையையும் மகனையும் வளர்த்தாள் என்று ஒரு காலத்தில் அவள்மேல் எனக்கு மதிப்புக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகளுக்குத் தன்லியினில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. பாலத்தைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் அந்தத் தேநீர்க் கடைக்காரி மகனும் போவான். அப்படித்தான் பழக்கம். பையன் சாது. வாயைத் திறந்து பேசவே யோசிப்பான். நல்ல பிள்ளை என்று நானே ஊரெல்லாம் சொன்னேன். அந்தப் பெண்மணியே வீடு தேடி வந்தாள், பெண் கேட்டாள், என் வீட்டில் உட்கார்ந்து லாபெட் சாப்பிட்டாள். பதப்படுத்திய தேயிலையை வறுத்த பருப்போடும் எள்ளோடும் கலந்து வைக்கும் லாபெட் இல்லாமல் இங்கே எந்த நல்ல காரியமும் பேசுவதில்லை. "சம்பந்திம்மா, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேட்டு வாங்கித் தின்றாள். என் மகள் அன்று அறைக்குள் இருந்து வெளியே வரவே இல்லை. அவ்வளவு வெட்கம், அவ்வளவு சந்தோஷம்.

பிறகு ஒருநாள் போன் வந்தது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. பேதின் சயாகிட்ட பாத்தோம். உங்க புள்ள சனிக்கெழமை பொறந்திருக்கு. எங்க வீட்டுக்கு ஆகாதுன்னுட்டார்."

பேதின் சயா என்றால் சோதிடர். இங்கே நட்சத்திரத்தைவிடப் பிறந்த கிழமைதான் பெரிசு. கிழமைக்கு ஒரு விலங்கு உண்டு, சனிக்கு நாகம். நேற்றுவரை சம்பந்திம்மாவாக இருந்த நான் ஒரே போனில் வெறும் அக்கா ஆகிவிட்டேன்.

"கெழமை பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியுமே?" என்றேன்.

"தெரியும்க்கா. அதுல இவ்வளவு இருக்குதுன்னு தெரியல."

அவ்வளவுதான். கை கழுவிவிட்டாள். நான் அதையும்கூடப் பொறுத்துப் போயிருப்பேன். விதி, கிழமை, எது என்னவோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் சில நாள் கழித்து என் மகள் அந்தக் கடைப் பக்கமாக வந்திருக்கிறாள். இவள் பின்னால் நிற்பது தெரியாமல் அந்தப் பொம்பளை யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "கெழமையெல்லாம் சும்மா ஒரு சாக்குதான். மீன் கடைப் பொண்ணு. கிட்ட வந்தாலே நாத்தம். அதுக்கு மேல கறுப்பு வேற. கடையில முன்னாடி நிறுத்த முடியுமா?"

என் மகள் இதை என்னிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து கன்றிப் போயிருந்தது. "என்னடி?" என்றேன். "ஒன்னுமில்ல" என்றாள். கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு கேட்ட பிறகுதான் சொன்னாள். அழவில்லை. கையை மட்டும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

நான் பெற்ற பிள்ளையைத் தன் கையைத் தானே முகர்ந்து பார்க்க வைத்துவிட்டாளே பாவி! என் வீட்டுக்காரர் வழக்கம்போல "விடு, நம்ம புள்ளைக்கு மாப்பிள்ளைக்கா பஞ்சம்?" என்றார். மாப்பிள்ளை கிடைப்பான். அந்தப் பொம்பளைக்குத் தண்டனையை யார் கொடுப்பது?

முதலில் கடவுளிடம் விட்டுப் பார்த்தேன். கோயிலுக்குப் போய், அவள் கடை அடுப்பு அணைய வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அடுப்பு முன்னைவிட நன்றாக எரிந்தது. கூட்டம் வாசலைத் தாண்டி உட்கார்ந்து டீ குடித்தது. அம்மனுக்கு வேறு வேலை இருக்கிறது, இதை நாம்தான் பார்க்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில் பாங்காக்கிலிருந்து சரக்கு வந்தது. ஆக்சலாட்டில் குஞ்சுகள். பைகளைப் பிரித்துத் தொட்டியில் விடும்போது ஒன்றின் கால்விரல் என் கண்ணில் பட்டது. அகலம், தட்டை. எடுத்துக் கண்ணாடி டம்ளரில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பு உடம்பு, மேலே பொன் பொடி தூவினது போலப் புள்ளிகள்.

"இது வேற" என்றேன் மகளிடம்.

அவளும் குனிந்து பார்த்தாள். என்னிடமே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். "புலி" என்றாள். "திருப்பி அனுப்பிடலாமா?"

"கெடக்கட்டும். ஒரு ஓரமா வையி" என்றேன். அப்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. சத்தியமாக இல்லை.

திட்டத்தை அந்தப் பொம்பளையே என் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கடை முகப்பில் பெரிய தொட்டி ஒன்று உண்டு. அதில் அதிர்ஷ்டத்துக்கென்று விலை உயர்ந்த மீன் ஒன்று வளர்த்தாள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அது செத்துவிட்டது. வெறும் தொட்டி வாசலில் இருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டு லோங்ஜி சரசரக்க, கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு மணக்க, என் கடைக்குள் வந்து நின்றாள். என் மகள் கையில் உறைந்த பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாருக்கியாம்மா?" என்றாள் என் மகளைப் பார்த்து. கூச்சநாச்சம் வேண்டாமா ஒரு மனுஷிக்கு? பிறகு என்னிடம் திரும்பி, "உறவு வேற, வியாபாரம் வேற, என்னக்கா? அந்தச் சிரிக்கிற மீனு ஒன்னு குடுங்க. புள்ளைங்க எல்லாம் அதைத்தான் படம் புடிக்குதுங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு என் வாழ்நாளில் சிரித்ததில்லை. "உக்காருங்க" என்றேன். அவள் ரோஜா நிறத்துக் குஞ்சைக் காட்டினாள்.

"அது உங்களுக்கு வேணாம். சூடு தாங்காது, ரெண்டே நாள்ல மல்லாந்துரும். இதைப் பாருங்க" என்று ஓரத்துத் தொட்டியைக் காட்டினேன். "கறுப்புதான். மேல தெரியுது பாருங்க, தங்கம். கல்லாவுக்குப் பக்கத்துல தங்கம் இருந்தா நல்லதுதானே?"

அவள் கண் விரிந்தது. என் மகளின் கறுப்பு ஆகாதவளுக்கு இந்தக் கறுப்பு ஆயிற்று. காசு எடுத்தாள், வேண்டாம் என்று கையை மறித்தேன். "உறவு இல்லாட்டியும் பழக்கம் இருக்குதே" என்றேன். அப்புறம் வளர்ப்பு முறை சொன்னேன். "மூடி போட்டுறாதீங்க, காத்து வேணும். தண்ணி கொறைச்சலா இருக்கட்டும். ஒரு பெரிய கல்லு தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கணும், அதுல ஏறி உக்காரும், பாக்க அழகா இருக்கும்." ஒன்றுகூடப் பொய் இல்லை. புலி வளர்க்கிறவர்கள் அப்படித்தான் வளர்க்க வேண்டும்.

என் மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு குஞ்சைப் பையில் பிடித்து, காற்றடைத்து, ரப்பர் போட்டு அந்தப் பொம்பளை கையில் கொடுத்தாள்.

நான் ஏன் இதைச் செய்தேன் என்று புரிய, இங்கே உடும்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். உடும்பு வீட்டுக்குள் ஏறினால் அந்தக் குடும்பம் நொடித்துப் போகும் என்பார்கள். மெத்தப் படித்தவர்கள்கூட அந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு பரிகாரம் செய்வார்கள். சகுனத்தைச் சொல்லித்தானே என் பெண்ணைத் தள்ளினாய்? இந்தா, உனக்கு ஒரு சகுனம். அதுதான் என் கணக்கு.

பிறகு நான் காத்திருந்தேன். காத்திருப்பதில் எவ்வளவு ருசி! சந்தைக்குப் போகிற சாக்கில் அந்தக் கடை வழியாகப் போவேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. அவள் தன் கையாலேயே இறால் போட்டு வளர்த்தாள். குஞ்சு கொழுத்தது. கடையின் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அது மாற்றத்தை இன்னும் விரைவுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் பார்த்தால் செவுளின் இறகு கொஞ்சம் குட்டையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். சும்மாதான் என்றேன்.

அவளே போன் பண்ணினாள். "அக்கா, அந்தக் கொண்டை மாதிரி இருந்ததெல்லாம் சுருங்குதே, சீக்கா?"

"சீக்கெல்லாம் இல்ல, வளருது. வளர்ற புள்ளைக்கு அப்படித்தான்."

"நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது" என்றேன். போனை வைத்த பிறகும் சிரித்த வாய் கொஞ்ச நேரம் மூடவில்லை.

ஒரு விடியற்காலை, அவள் கடையில் ரொட்டி போடுகிறவர் விளக்கைப் போட்டால், மாவு பிசையும் மேடையில் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. செவுள் இல்லை, வால் துடுப்பு இல்லை, கண் பிதுங்கி நிற்கிறது. இரவெல்லாம் கடையைச் சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது போல. "உடும்பு! உடும்பு!" என்று அவர் போட்ட கூச்சலில் முதல் டீக்கு வந்தவர்கள் பாதி பேர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்களாம். மீதிப் பேர் படம் பிடித்தார்கள். சந்தை திறப்பதற்குள் அந்தப் படம் எல்லோர் போனிலும் இருந்தது. உடும்பு இவ்வளவு வழவழப்பாக இருக்குமா, இந்த நிறத்தில் இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கே வியப்பாக இருந்தது இதுதான். காலித் தொட்டியைப் பார்த்து அவர்கள் வந்த முடிவு என்ன தெரியுமா? உடும்பு வந்து அதிர்ஷ்ட மீனைத் தின்றுவிட்டதாம்! தண்ணீரில் இருந்ததுதான் தரையில் இருப்பது என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. பெரிய பெரிய அறிஞர்களே ஏமாந்த இடத்தில் ஒரு டீக்கடைக்காரி எம்மாத்திரம்?

கூட்டம் குறைந்தது. பக்கத்துக் கடைக்காரி எனக்கு அன்றாடம் செய்தி கொண்டுவந்தாள். பெஞ்சுகள் காலியாக இருக்கிறதாம், எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கிறதாம், அந்தம்மாள் முகம் செத்துப் போயிருக்கிறதாம். ஒவ்வொரு சேதிக்கும் நான் "அய்யோ பாவம்" என்றேன். அன்றெல்லாம் எனக்குச் சோறு அப்படி இறங்கியது. என் மகள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவளுக்காகத்தானே எல்லாம், அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்மணி என் வீட்டுப் படியேறி வந்தாள். கையில் லாபெட் தட்டு, பின்னால் மகன். என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்து நாற்காலி போட்டார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் பாயில் உட்கார்ந்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தரையில்!

"சம்பந்திம்மா" என்று ஆரம்பித்தாள். மறுபடி சம்பந்திம்மா ஆகிவிட்டேன். "எங்க வீட்டுக்கு ஒரு கெட்டது நடந்துபோச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க. சயாகிட்ட யதயா கேட்டோம்." யதயா என்றால் பரிகாரம். "ஊர்ந்து உள்ள வந்ததை அடக்கணும்னா, நாகக் கெழமையில பொறந்தவ ஒருத்தி மருமகளா வரணுமாம். நான் எங்கயும் தேடல. நம்ம புள்ளதான் இருக்குதேன்னு நேரா வந்துட்டேன்."

சனிக்கிழமை ஆகாது என்று சொன்ன அதே வாய்! இப்போது சனிக்கிழமைக்காரி இல்லாமல் ஆகாதாம். நான் அவசரப்படவில்லை. "யோசிக்கணும்" என்றேன். "போன தடவை பேசி முடிச்சதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். "புள்ள மனசு நொந்துபோச்சு" என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. நெற்றியில் தனகா வியர்வையில் கரைந்து கோடு கோடாக இறங்கியது. மீன் நாற்றத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. அதைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு, தட்டோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம். பையன் மூலையில் நின்று கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான்.

என் மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். நேராக அந்தப் பெண்மணிக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அது உடும்பு இல்ல" என்றாள்.

"நீ உள்ள போ" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உடும்பு வந்து உங்க மீனைத் தின்னல. உங்க மீனேதான் அது. அது மீனும் இல்ல, சாலமாண்டர். பெருசானா செவுள் விழுந்து கரைக்கு ஏறிரும். அதோட பொறப்பு அது. கடிக்காது, எந்தக் கெடுதலும் வராது. எங்க கடையிலேருந்து நான்தான் புடிச்சுக் குடுத்தேன், அது என்னன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்." கைபேசியில் படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். செவுளோடு இருப்பது, செவுள் பாதி சுருங்கினது, கரையேறி நிற்பது. "இதுக்குப் பரிகாரமா என்னைக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல."

அடிப்பாவி மகளே! எவ்வளவு நாள் காத்து, எவ்வளவு பொறுத்து நான் கட்டினதை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டாளே! எழுந்து அவள் வாயைப் பொத்தலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தப் பொம்பளை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

அதற்குள் என் மகள் பையன் பக்கம் திரும்பிவிட்டாள். அவனிடம் பர்மியத்தில் கேட்டாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது எப்போதும் பர்மியத்தில்தான். உடும்பு இல்லை, சகுனம் இல்லை, சோதிடர் சொன்ன காரணம் எதுவும் இப்போது இல்லை. இப்போதும் என்னைக் கட்டிக்கொள்கிறாயா, என்று கேட்டாள். குரல் நடுங்கவில்லை. காதோரம் மட்டும் சிவந்திருந்தது.

அவன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு தன் அம்மாவைப் பார்த்தான்.

வேறொன்றும் செய்யவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். என் மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள், கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது போல.

அந்தப் பெண்மணிக்கு மூச்சு திரும்பிவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. பாயிலிருந்து எழுந்து லோங்ஜியை உதறிக் கட்டிக்கொண்டாள். "அப்போ ஒன்னும் இல்ல!" என்று சிரித்தாள். அவ்வளவு நாள் பயத்தில் செத்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு அடக்கவே முடியவில்லை. பிறகுதான் கோபம் வந்தது, அதுவும் என்மேல். "இப்படிப்பட்ட மனசு வச்ச வீட்டுலயா நான் பொண்ணெடுக்க இருந்தேன்? அந்தப் புத்தர்தான் காப்பாத்தினார்" என்றாள். லாபெட் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் கடைசிக்கென்று வைத்திருந்த கேள்வியைக் கேட்க இனி வழி இல்லை. நாற்றம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று இப்போது அவள்தான் கேட்கிற இடத்தில் இருந்தாள்.

"அது எங்க இப்ப?" என்று என் மகள் கேட்டாள்.

"எது?"

"அந்த சாலமாண்டர்."

"கூடையில புடிச்சு வச்சிருந்தோம், முந்தாநேத்தே படித்துறையில ஆத்துல விட்டாச்சு. புண்ணியமாவது கெடைக்கட்டும்னு." படியிறங்கிக்கொண்டே சொன்னாள். மகன் பின்னால் போனான். படியில் ஒரு தடவை நின்றான் என்று நினைக்கிறேன். திரும்பவில்லை.

செவுளை உதிர்த்துவிட்டுத் தரைக்கு வந்த பிராணி. படகும் சேறும் ஏற்றவற்றமுமாக இருக்கிற அந்த ஆற்றில் எவ்வளவு நேரம் தாங்கும்? என் மகள் அதைத்தான் நினைத்தாளோ என்னவோ, உள்ளங்கையால் பாயைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். எங்காவது சண்டை என்றால் அவருக்கு வெளியே வேலை வந்துவிடும்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்றைக்கும் அடங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். அந்தக் கடை மறுபடி நிறைந்து வழிகிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் அன்று ஒரு சமாதானம் மட்டும் மிச்சம் இருப்பதாக நினைத்தேன். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாத்தியாடி அவன் லட்சணத்த? அம்மா மொகத்தப் பாக்குறான். நல்லவேளை, தெரிஞ்சுபோச்சு. நீ தப்பிச்ச" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவன் அப்படித்தான்னு எனக்கு மொதல்லயே தெரியும்மா" என்றாள். "தெரிஞ்சுதான் அவனைப் புடிச்சிருந்துச்சு. நான் இன்னைக்குக் கேக்காம இருந்திருந்தா, கட்டிக்கிட்டிருப்பான். ஆனா உங்க உடும்புக்காகக் கட்டிக்கிட்டிருப்பான். அதுனாலதான் கேட்டேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். நான் பாயைச் சுருட்டி வைத்தேன்.